பழைய ஜீப்பில் பெரிய எஞ்சின்: கொங்கு மண்டலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்தியாவுக்கு வந்த வில்லிஸ் ஜீப்பும், அதன் வழித்தோன்றல்களாக மகிந்திரா நிறுவனம் பல பத்தாண்டுகள் உருவாக்கிய நான்கு சக்கர இயக்க வண்டிகளும் கோயம்புத்தூர், பொள்ளாச்சி, ஈரோடு, நாமக்கல், சேலம் வட்டாரங்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன; ஆனால், அவற்றுள் பலவற்றின் பானெட்டுக்கு அடியில் இருப்பது தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட எஞ்சின் அன்று. பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றுவதும், சிறிய டீசலுக்குப் பதிலாக டர்போ பொருத்திய பெரிய டீசலை வைப்பதும் இம்மண்டலத்துப் பட்டறைகளில் நெடுங்காலமாக நடந்துவரும் வேலைகள். பெரிய எஞ்சின் உண்மையில் எந்தக் குறையைத் தீர்க்கிறது, எந்தக் குறையைப் புதிதாக உண்டாக்குகிறது, சட்டம் அதை எந்த அளவுக்கு ஏற்கிறது என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. எஞ்சினைத் தனியொரு பொருளாக எண்ணாமல், கிளட்ச் முதல் டயர் வரை நீளும் விசைத்தொடரின் முதல் கண்ணியாக எண்ணினால்தான் இவ்வினாக்களுக்கு விடை கிடைக்கும் என்பது இதன் அடிப்படைக் கருத்து.

மூல வண்டியின் அமைப்பு

1941 முதல் 1945 வரை போர்த் தேவைக்காக உருவாக்கப்பட்ட வில்லிஸ் எம்.பி. ஜீப்பில் இருந்தது 2,199 சி.சி. கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட பெட்ரோல் எஞ்சின். அதன் திறன் 60 குதிரைத்திறன். அதே கொள்ளளவில், உள்ளிழுக்கும் வால்வை சிலிண்டர் தலைக்கு மாற்றி வடிவமைக்கப்பட்ட 'ஹரிக்கேன்' எஞ்சின் 75 குதிரைத்திறனைத் தந்தது. அந்த எஞ்சின் உயரமானது என்பதால், அதைத் தாங்கிவந்த சி.ஜே. 3பி மாடலின் பானெட்டும் உயர்த்தப்பட்டது. 1945-ல் லூதியானாவில் தொடங்கப்பட்டு 1948-ல் இன்றைய பெயரைப் பெற்ற மகிந்திரா அண்டு மகிந்திரா, வில்லிஸ் உரிமத்தின் கீழ் இந்தியாவில் மிக நீண்ட காலம் தயாரித்தது இந்த உயர்ந்த பானெட் வண்டியைத்தான். பிற்காலத்தில் உயரமான டீசல் எஞ்சின்கள் இவ்வண்டியில் பெரிய வெட்டு வேலையின்றி அடங்கியதற்கும், தாழ்ந்த பானெட் கொண்ட போர்க்கால ஜீப்பில் அடங்க மறுத்ததற்கும் இந்த உயர வேறுபாடே காரணம்.

எஞ்சினுக்குப் பின்னால் மூன்று கியர் கொண்ட பெட்டியும், அதன் பின் டிரான்ஸ்ஃபர் கேஸும் அமைந்திருந்தன. கியர் பெட்டியிலிருந்து வரும் சுழற்சியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பகிர்ந்து தருவதும், வேண்டும்போது 'லோ' கியரில் சுழற்சியை மேலும் குறைத்து முறுக்குவிசையைப் பெருக்குவதும் டிரான்ஸ்ஃபர் கேஸின் வேலை. சி.ஜே. 3பி வண்டியில் முதல் கியரின் விகிதம் 2.8, லோ கியரின் விகிதம் 2.46, அச்சில் உள்ள கிரவுன்–பினியன் பல்சக்கரங்களின் விகிதம் 5.38. இவை மூன்றையும் பெருக்கினால் 37 வருகிறது. அதாவது, எஞ்சின் தரும் முறுக்குவிசை சக்கரத்தை அடையும்போது 37 மடங்காகிறது. ஜீப்பின் பெயர் பெற்ற ஏறுதிறன் இந்தப் பெருக்கத்திலிருந்து பிறந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வது பயன்தரும்.

மாற்றத்தின் வரலாறு

பெட்ரோல் ஜீப்பின் எஞ்சினை மாற்ற வேண்டும் என்ற எண்ணத்துக்கு முதற்காரணம் வேகம் அன்று, எரிபொருள் செலவு. 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் விலை உயர்ந்தது. டீசல் விலையோ அரசின் கட்டுப்பாட்டில் நெடுங்காலம் தாழ்ந்தே இருந்தது. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010-லும் டீசல் விலைக் கட்டுப்பாடு 2014-லும் நீக்கப்படும் வரை இவ்விரண்டுக்கும் இடையிலான இடைவெளியே எஞ்சின் மாற்றத்தின் பொருளாதார அடித்தளமாக விளங்கியது. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களிலும், பொள்ளாச்சியின் தென்னந்தோப்புகளிலும், கொல்லிமலை, பர்கூர் மலைச் சிற்றூர்களிலும் நாள்தோறும் ஆளும் சுமையும் ஏற்றிச் சென்ற வண்டிக்கு ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைப்பதே பெரும் ஆதாயம்.

தொழிற்சாலையும் இதே திசையில்தான் சென்றது. 1963-ல் தொடங்கப்பட்டு 1977-ல் மகிந்திராவுடன் இணைந்த இன்டர்நேஷனல் டிராக்டர் நிறுவனத்தின் டீசல் எஞ்சின் மரபு ஜீப்புக்குள் வந்தது. 1980-களின் நடுவில் வெளிவந்த எம்.எம். 540 மாடல் 2,112 சி.சி. பெஜோ டீசல் எஞ்சினைத் தாங்கியது. பின்னர் 2,523 சி.சி. கொண்ட நேரடி உட்செலுத்து டீசல் எஞ்சின் மகிந்திராவின் பல வண்டிகளுக்குப் பொதுவானதாயிற்று. நேரடி உட்செலுத்தல் என்பது டீசலைத் தனி அறை ஒன்றில் எரியவிடாமல் பிஸ்டனின் தலைக்குழியிலேயே நேராகத் தெளிக்கும் முறை. வெப்ப இழப்பு குறைவதால் எரிபொருள் மிச்சமாகிறது. தொழிற்சாலையே டீசலுக்கு மாறியபின், பழைய பெட்ரோல் ஜீப்பின் உரிமையாளருக்கு அதே நிறுவனத்தின் டீசல் எஞ்சினைத் தேடி வாங்குவது இயல்பான வழியாயிற்று. அவற்றோடு, அம்பாசிடர் கார் வழியாகப் பரவிய இசுசு டீசலும், குவாலிஸ் வண்டியின் 2,446 சி.சி. டொயோட்டா டீசலும் பட்டறைகளில் இடம் பிடித்தன.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. பெஜோ டீசலின் முறுக்குவிசை ஏறத்தாழ 122 நியூட்டன் மீட்டர். அது வெளியேற்றிய ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சினின் முறுக்குவிசையோ ஏறத்தாழ 155 நியூட்டன் மீட்டர். டீசல் ஜீப்பை 'நல்ல இழுவை' உடையது என்று ஓட்டுநர்கள் பாராட்டியதற்குக் காரணம் விசையின் அளவைவிட, அது குறைந்த சுழற்சியிலேயே கிடைத்ததும், வேகம் குறையும்போது எஞ்சின் எளிதில் நின்றுபோகாததும் ஆகும். எனவே முதல் அலையின் மாற்றங்கள் 'பெரிய எஞ்சின்' மாற்றங்களாக இருக்கவில்லை. அவை எரிபொருள் மாற்றங்கள். கொள்ளளவும் திறனும் உண்மையிலேயே கூடியது, டர்போ டீசல்கள் வந்த 2000-க்குப் பிந்தைய இரண்டாம் அலையில்தான்.

பட்டறைத் திறனின் பின்புலம்

இத்தகைய வேலை கொங்கு மண்டலத்தில் வேரூன்றியதற்குத் தொழில் வரலாறு விளக்கம் தருகிறது. 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் கோயம்புத்தூருக்கு வந்தபின் நூற்பாலைகளும், அவற்றின் உதிரிப் பாகங்களைச் செய்த வார்ப்பகங்களும், கிணற்றுப் பாசனத்துக்கான பம்ப்செட் தொழிலும் ஒன்றை ஒன்று வளர்த்தன. 1926-ல் தொடங்கப்பட்ட பி.எஸ்.ஜி. தொழிற்கூடமும், பேருந்துத் தொழிலிலிருந்து பொறியியல் ஆக்கங்களுக்குச் சென்ற ஜி.டி. நாயுடுவின் முயற்சிகளும் கைத்திறனைக் கல்வியோடு இணைத்தன. பீளமேடு, கணபதி, ஆவாரம்பாளையம் பகுதிகளின் லேத் பட்டறைகளில் ஒற்றைப் பாகத்தைக்கூட அளவெடுத்துக் கடைந்து தரும் பழக்கம் இந்தப் பின்புலத்தில் உருவானது. கரூரின் பேருந்துக் கூண்டு கட்டும் தொழிலும், நாமக்கல்லின் லாரித் தொழிலும், திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகளும் கனரக வண்டிகளைப் பிரித்து அமைக்கும் அறிவை மண்டலம் முழுவதும் பரப்பின.

மோட்டார் பந்தயத் துறையிலும் இதே திறன் வெளிப்பட்டது. கோயம்புத்தூர்ப் பந்தய வீரர் எஸ். கரிவரதன் 1980-களின் பிற்பகுதியில் மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். அவர் பெயரைத் தாங்கிய பந்தயத் தடம் 2003-ல் செட்டிபாளையத்தில் திறக்கப்பட்டது. ஒரு வண்டிக்காகப் படைக்கப்பட்ட எஞ்சினை இன்னொரு சட்டகத்தில் இயங்க வைக்க முடியும் என்பதற்கு அவர் பணி சான்று. அந்த எஞ்சினுக்கென்றே சட்டகத்தையும் சஸ்பென்ஷனையும் சேர்த்து வடிவமைத்தால்தான் அது சரியாக அமையும் என்பதும் அதே பணி தரும் பாடம். ஜீப் மாற்றங்களில் அடிக்கடி விடுபடுவது இந்த இரண்டாம் பாதி.

ஏறுதிறன் பற்றிய கணக்கு

மலை ஏறுவதற்குப் பெரிய எஞ்சின் வேண்டும் என்பது இத்துறையில் மிகப் பரவலான நம்பிக்கை. அதைக் கணக்கிட்டுச் சோதிக்கலாம். ஹரிக்கேன் எஞ்சினின் 155 நியூட்டன் மீட்டர், லோ கியரோடு சேர்ந்த முதல் கியரில் 37 மடங்காகும்போது 5,700-ஐத் தாண்டுகிறது. பல்சக்கர உராய்வுக்காக 15 சதவீதம் கழித்தாலும் 4,800-க்கு மேல் சக்கரங்களுக்குக் கிடைக்கிறது. சுமையோடு 1,500 கிலோ எடையுள்ள வண்டியின் நான்கு டயர்களும் உலர்ந்த தார்ச்சாலையில் வழுக்காமல் தாங்கக்கூடிய முறுக்குவிசை, சக்கர ஆரத்தைக் கணக்கில் கொண்டு பார்த்தால், 4,200 நியூட்டன் மீட்டரை ஒட்டியது. ஈரமான செம்மண்ணில் அது ஏறக்குறைய பாதியாகக் குறையும். ஆகவே, 75 குதிரைத்திறன் எஞ்சினே டயரின் பிடிமான எல்லையைத் தாண்டிய விசையை ஏற்கெனவே தந்துகொண்டிருக்கிறது. 247 நியூட்டன் மீட்டர் தரும் 2010-ஆம் ஆண்டு மகிந்திரா 'தார்' வண்டியின் டீசல் எஞ்சினை அதே ஜீப்பில் வைத்தால், உராய்வைக் கழிக்கும் முன், சக்கரத்துக்குச் செல்லும் முறுக்குவிசை 9,000-ஐத் தாண்டும். கூடுதல் விசை ஏறுவதற்குப் பயன்படாமல் டயரைச் சுழலவைப்பதிலும் அச்சை முறுக்குவதிலும் செலவாகும்.

திறனைப் பற்றிய கணக்கும் இதையே உறுதிப்படுத்துகிறது. ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறைக்கு ஏறும் சாலையைப் போன்ற மலைப்பாதையில், 12 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் ஏற்றத்தில், 1,500 கிலோ வண்டி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல ஏறத்தாழ 20 குதிரைத்திறன் போதும். அதே ஏற்றத்தில் 60 கிலோமீட்டர் வேகம் வேண்டுமென்றால்தான் தேவை 45 குதிரைத்திறனை நெருங்குகிறது. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த பாதையில் அந்த வேகம் பெரும்பாலும் பாதுகாப்பானதும் அன்று. நல்ல நிலையில் பராமரிக்கப்பட்ட மூல எஞ்சின் மலையில் திணறுகிறது என்றால், தேய்ந்த பிஸ்டன் ரிங்கையோ, சீர்கெட்ட கார்புரேட்டரையோ, அடைபட்ட ரேடியேட்டரையோ முதலில் சந்தேகிப்பதே நியாயம்.

சமவெளியில்தான் உண்மையான குறை வெளிப்படுகிறது. 5.38 என்னும் அச்சு விகிதத்தோடு, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.27 மீட்டர் உருளும் டயர் பூண்ட ஜீப், சேலம்–கொச்சி தேசிய நெடுஞ்சாலை 544-ல் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல வேண்டுமானால் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,950 சுற்றுகள் சுழல வேண்டும்; அது ஹரிக்கேன் எஞ்சினின் உச்சத்திறன் எல்லை. நிமிடத்துக்கு 3,200 சுற்றில் உச்சத்திறன் தரும் டீசலைப் பொருத்தினால், உச்ச கியரிலும் வண்டி 81 கிலோமீட்டரில் நின்றுவிடும்; 2,000 சுற்றுகளை ஒட்டிச் சுழலும் டிராக்டர் வகை எஞ்சினைப் பொருத்தினால் 50 கிலோமீட்டரோடு முடிந்துவிடும். எனவே எஞ்சினை மட்டும் பெரிதாக்குவது நெடுஞ்சாலைக் குறையையும் தானாகத் தீர்ப்பதில்லை. ஐந்து கியர் பெட்டியையோ, குறைந்த விகிதம் கொண்ட கிரவுன்–பினியனையோ சேர்த்தால்தான் அது தீரும். கிரவுன்–பினியனை மாற்றுவோர் முன் அச்சிலும் பின் அச்சிலும் ஒரே விகிதத்தை வைக்க வேண்டும். பின்னால் மட்டும் மாற்றினால், நான்கு சக்கர இயக்கத்தைப் பூட்டிய கணமே இரு அச்சுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல முயன்று டிரான்ஸ்ஃபர் கேஸை உடைத்துவிடும்.

இணைப்பின் நுட்பமும் பின்விளைவுகளும்

வேறு நிறுவனத்தின் எஞ்சினைப் பழைய கியர் பெட்டியோடு சேர்ப்பதற்கு அடாப்டர் பிளேட் என்னும் இடைத்தகடு வேண்டும். எஞ்சினின் பின்முகத்து ஆணித் துளைகள் ஒரு வரிசையாகவும், கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் துளைகள் வேறொரு வரிசையாகவும் இருப்பதால், இரண்டையும் ஏற்கும் வகையில் இத்தகடு கடையப்படுகிறது. இங்கே துளைகளைவிட முக்கியமானது மையம். எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டும் கியர் பெட்டியின் உள்ளீட்டு ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குக்கு மேல் விலகினால் பைலட் பேரிங் தேய்வதும், கிளட்ச் அதிர்வதும், கியர் தானாகக் கழன்றுகொள்வதும் தொடங்கிவிடும். டயல் கேஜ் என்னும் அளவியைக் கிராங்க் ஷாஃப்டில் பொருத்திச் சுழற்றிப் பார்க்காமல் கண்ணளவில் பொருத்தப்பட்ட வண்டிகளில் கியர் பெட்டி மீண்டும் மீண்டும் கெடுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

அடுத்து வருவது எடையும் சூடும். வார்ப்பிரும்பாலான டீசல் எஞ்சின் முன் அச்சின் மீது கூடுதல் சுமையை ஏற்றுவதால் முன் பட்டை ஸ்பிரிங்குகள் தாழ்ந்து, ஸ்டீயரிங் கனத்து, 80 அங்குல அச்சு இடைவெளி மட்டுமே கொண்ட வண்டியின் நிலைத்தன்மை மாறுகிறது. மெதுவாக ஏறும்போது காற்றோட்டம் குறைவு, எஞ்சின் உழைப்பு மிகுதி. கோடையில் பொள்ளாச்சிச் சமவெளியின் வெப்பத்தில் புறப்பட்டு மலையேறும் வண்டிக்கு மூல ரேடியேட்டர் போதாமல் போவது இதனால்தான். பழைய டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளியீடும் இரு அச்சுகளின் டிஃபரென்ஷியலும் வண்டியின் வலப்பக்கம் தள்ளி அமைந்தவை. நடு வெளியீடு கொண்ட புதிய பெட்டியைப் பொருத்துவோர் பின் அச்சையும் மாற்றாவிட்டால் புரொப்பல்லர் ஷாஃப்ட் கோணலாகச் சுழன்று அதன் இணைப்புகளை விரைவில் தேய்க்கும்.

இவை எல்லாவற்றிலும் கவலைக்குரியது பிரேக். மூல ஜீப்பின் பிரேக் டிரம் 9 அங்குல விட்டம் கொண்டது. அது 60 குதிரைத்திறன் வண்டியின் அன்றைய வேகத்துக்காக அளவிடப்பட்டது. ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியாக உயர்வதால், 60 கிலோமீட்டரில் ஓடிய வண்டி 90-ல் ஓடும்போது பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்காகிறது. மலையிறக்கத்தில் இதே டிரம்கள் சூடேறிப் பிடிப்பை இழக்கும். எஞ்சினுக்குச் செலவழிக்கும் முன் பெரிய டிரம்மோ, முன் சக்கர டிஸ்க்கோ, இரு சுற்று மாஸ்டர் சிலிண்டரோ பொருத்தப்பட வேண்டும் என்பது பரிந்துரை அளவில் நிற்கக் கூடாது. அது மாற்றத்தின் முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும். பயணிகளின் உயிர் சார்ந்த இவ்விடத்தில் சிக்கனம் பாராட்டும் பழக்கத்துக்கு எந்தக் காரணமும் ஏற்புடையதாகாது.

சட்டத்தின் நிலை

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும் வகையில் உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வேறு எரிபொருளிலோ மின்கலத்திலோ இயங்குவதற்காக அங்கீகரிக்கப்பட்ட மாற்றுத் தொகுதியைப் பொருத்துவதற்கு நிபந்தனைகளோடு அப்பிரிவு இடம் தருகிறது. பத்துக்குக் குறையாத போக்குவரத்து வாகனங்களை உடையவர்களுக்கு, அதே நிறுவனத்தின் அதே வகை எஞ்சினை மாற்றிக்கொள்ளும் சலுகையை மாநில அரசு அறிவிக்கவும் வகைசெய்கிறது. கேரளத்திலிருந்து மேல்முறையீடாக வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று அளித்த தீர்ப்பு, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பை மாற்றும் வேலைகளை இப்பிரிவு தடுக்கிறது என்பதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரையிலான சிறையோ, இரண்டுமோ விதிக்க வழிவகுத்தது. பதிவுச் சான்றில் உள்ள எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் பொருந்தாத வண்டிக்கு விபத்துக் காலத்தில் காப்பீட்டு இழப்பீடு பெறுவதும் சிக்கலாகும்.

பழமையான வண்டிகளுக்கு இன்னொரு விதி குறுக்கிடுகிறது. 2021 ஜூலையில் வெளியான மத்திய விதிகள், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவில் பேணப்பட்டு, சட்டகம், கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் காணாத வண்டிகளைத் தொன்மை வாகனங்களாகப் பதிவு செய்ய இடம் தருகின்றன. புதிய பதிவுக்கு 20,000 ரூபாயும் மறுபதிவுக்கு 5,000 ரூபாயும் கட்டணம். பதிவு பத்து ஆண்டுகள் செல்லும். கண்காட்சி, தொன்மை வண்டிப் பேரணி, பராமரிப்பு போன்ற நோக்கங்களுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். இவ்விதியின்படி 1970-களில் பதிவான பெட்ரோல் ஜீப்புகள் இப்போது ஒவ்வொன்றாகத் தகுதி பெற்றுவருகின்றன. எஞ்சின் மாற்றப்பட்டவையோ அத்தகுதியை இழந்து நிற்கின்றன. ஒரு காலத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போன ஹரிக்கேன் எஞ்சினை இன்று ஆர்வலர்கள் தேடி அலைவதற்கு இந்த விதியும் ஒரு காரணம்.

தொகுப்புரை

மேற்கண்டவற்றைச் சேர்த்துப் பார்த்தால், ஒரே விடை எல்லா வண்டிகளுக்கும் பொருந்தாது என்பதும், எந்த வண்டிக்கு எந்த விடை என்பதைத் தெளிவாகவே பிரித்துச் சொல்லலாம் என்பதும் புலனாகின்றன. மூல எஞ்சினோடு ஐம்பது ஆண்டுகளை நெருங்கும் அல்லது கடந்த வண்டியில் அதை மாற்றுவது, வரலாற்றையும் சட்டத் தகுதியையும் ஒருசேர இழப்பதாகும். அவ்வண்டியின் எஞ்சினைப் பிரித்துச் சீரமைப்பதற்குக் கோயம்புத்தூரின் லேத்களும் வார்ப்பகங்களும் போதிய திறன் பெற்றவை. மலைத்தோட்டத்தில் நாள்தோறும் உழைக்கும் வண்டிக்கு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் முன் அனுமதி கிடைக்குமாயின், அதே தயாரிப்பாளரின் அதே வகையைச் சேர்ந்த, மூல எஞ்சினுக்கு நெருங்கிய முறுக்குவிசை உடைய எஞ்சினே தகும். உதிரிப் பாகமும் கைப்பழக்கமும் அருகிலேயே கிடைப்பது அதன் கூடுதல் நன்மை. நெடுஞ்சாலை வேகம் மட்டுமே நோக்கம் என்றால், எஞ்சினைவிடக் கியர் விகிதமும் பிரேக்கும்தான் முதலில் கவனத்துக்குரியவை. அவற்றையும் மாற்ற மனமில்லாதவர் பழைய ஜீப்பை விட்டுவிட்டு, அந்த வேகத்துக்கென்றே வடிவமைக்கப்பட்ட புதிய வண்டியை வாங்குவது அறிவுடைமை.

கொங்கு மண்டலத்தின் பட்டறைத் திறன் பெருமைக்குரியது என்பதில் ஐயமில்லை. அந்தத் திறன் இதுவரை எஞ்சினை உட்காரவைப்பதில் காட்டிய அக்கறையை, அளவெடுப்பதிலும், பிரேக்கிலும், செய்த மாற்றத்தை எழுத்தில் பதிவு செய்வதிலும் காட்டத் தொடங்கினால், பொறியியல் கல்லூரிகளும் சிறுதொழில் அமைப்புகளும் அதற்குச் சோதனை முறைகளை வகுத்துத் தந்தால், சட்டம் ஏற்கத்தக்க தரத்தை இம்மண்டலமே நாட்டுக்கு முன்வைக்க இயலும். பழைய ஜீப்பை ஓடவைப்பது, பாதுகாப்பாக ஓடவைப்பது, அதன் மூல வடிவைப் பேணுவது ஆகிய மூன்று கடமைகளும் ஒன்றோடொன்று மோதாமல் நிறைவேற அதுவே வழி.